கம்பெனி ஸ்டவ்

விஸ்வநத்தம்
4.5.2025

ஆமாக்கா, நிப்பாட்டிட்டேன். போன்ல நீ கேட்டப்ப அம்மா பக்கத்துல நின்னுச்சு, அதான் லீவுன்னு சொன்னேன். லீவும் இல்ல ஒண்ணும் இல்ல. பாலிடெக்னிக்க விட்டு ரெண்டு மாசமாச்சு. நாலு பேப்பர் அரியர். அஞ்சாவது வர்றதுக்குள்ள நானே எந்திரிச்சு வந்துட்டேன். மோட்டாரு படத்த நோட்டுல வரைஞ்சுக்கிட்டே இருந்தா மோட்டாரு ஓடிருமா?

திட்டுறத அப்புறம் திட்டு. மொதல்ல நீ எப்படி இருக்க? மில்லுல நைட் ஷிப்ட மாத்தி விட்டாகளா? மூக்குல பஞ்சு அடைக்குதுன்னியே, துணி கட்டிக்கிறியா? இங்கன நான் நல்லாருக்கேன். அம்மாவும் நல்லாருக்குன்னு எழுதச் சொல்லுச்சு. நான் பாத்தத எழுதுறேன். ராத்திரி பூராம் இருமுது. மருந்து ரூம்ல இருந்து வந்து எத்தன சோப்பு போட்டாலும் கையி அலுமினியப் பொடியில வெள்ளியாத்தான் மினுங்குது. சோத்தப் பெசஞ்சா சோறும் மினுங்குது. "அலுமினியத் தட்டுல தின்னா என்ன, அலுமினியத்தையே தின்னா என்ன"ன்னு சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரல.

அப்பா செத்ததுல இருந்து அதே ரூமு, அதே சன்னலுக்குக் கீழ அதே எடம். பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து செலுத்திச் செலுத்தி நெஞ்சுக்கூடு பூராம் மருந்துதான் இருக்கும். மருந்தே இல்லாத லேபிள் ஷெட்டுக்கு மாத்தி விடுங்கன்னு கேட்டா, "கை பழகுன ஆள யாராச்சும் மாத்துவாகளா"ன்னு மேனேஜர் சீனிவாசகம் சிரிக்காராம். அந்த எடத்த விட்டு அம்மாவ எந்திரிக்க வைக்கணும். அம்புட்டுதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் நானும் அதே கம்பெனியில லோடு ஏத்தப் போறேன். வெளிய நின்னு கத்துறதுக்கு உள்ள நின்னு கத்தலாம்ல.

ஞாயித்துக்கெழம போன்ல உன் பக்கத்துல வார்டன், என் பக்கத்துல அம்மா. இதெல்லாம் எப்படிப் பேச? அதான் கடுதாசி. போஸ்ட் ஆபீஸ்ல கவர் கேட்டா அந்தம்மா என்னைய ஏற எறங்கப் பாக்குறாக.

திட்டி எழுது. ஆனா எழுது.

உன் தம்பி
முனியராஜ்

•

வேடசந்தூர், மில் விடுதி
15.5.2025

அன்புத் தம்பி முனியராஜுக்கு,

அக்கா நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலம் என்று எழுதியதில் பாதியைத்தான் நம்பினேன். பஞ்சுக்குத் துணி கட்டிக்கொள்கிறேன். துணிக்குள்ளும் பஞ்சு வந்துவிடுகிறது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவள், "ஏன்க்கா, சாவு விழுந்திருச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லலாம் போல இருந்தது. ஏலே, அறுந்த நூலை முடிந்துகொண்டே ஷிப்ட் முழுக்க மிஷினுக்கு மிஷின் நடக்கிறேன். யாருக்காக? நம் வீட்டில் ஒருவனாவது மருந்து படாமல் வளரட்டும் என்றுதானே. நீ போய் அதே கேட்டுக்குள் நின்றுகொண்டு, "உள்ளே நின்று கத்துகிறேன்" என்கிறாய். உள்ளே போனவர்கள் யார் கத்தி நீ கேட்டிருக்கிறாய்?

சரி. விட்டது விட்டதுதான். உன்னை மறுபடி பெஞ்சில் உட்கார வைக்க என்னால் முடியாது. ஆனால் ஒன்று. அம்மாவை அந்த இடத்தைவிட்டு எழுப்பி விடு. எழுப்பிவிட்டால் நீ படிப்பை விட்டதைப் பற்றி ஆயுசுக்கும் பேச மாட்டேன்.

அடுத்த வீட்டு முருகேஸ்வரி அத்தையை விசாரித்ததாகச் சொல். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு இன்னும் போகிறாளா? அவள் மகள் பாண்டிமீனா பிளஸ் டூ பாஸாகிவிட்டாள் என்று அம்மா சொன்னது. நர்சிங் சேர ஆசைப்படுகிறாளாம். சேரச் சொல். உன்னைப் பார்த்து யாரும் கெட்டுப்போக வேண்டாம். நம் சிலிண்டர் தீர்ந்தால் அவர்கள் வீட்டுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும் பழக்கத்தையும் நிறுத்து. அத்தை கேட்க மாட்டாள், அதற்காக?

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவைச் சுடுதண்ணீர் குடிக்கச் சொல்.

அன்புடன்
அக்கா ரோஜா

•

விஸ்வநத்தம்
9.6.2025

அக்கா,

சுகமா இருக்கியான்னு கேட்டாச்சு, நாங்க சுகம்னு சொல்லியாச்சு. இப்ப விசயத்துக்கு வாறேன். உன் தம்பி போர்மேன்!

சிரிக்காத. லாரியில பண்டல் ஏத்திக்கிட்டு இருந்தேன். மேனேஜர் வந்து, "லேய், நீ என்ன படிச்சிருக்க?"ன்னாரு. "பாதி"ன்னேன். "பாதி போதும்"னுட்டாரு. போர்மேனுக்குப் பயிற்சியும் பரிட்சையும் உண்டாம், பாஸ் பண்ணுன ஆளு ஒருத்தன் கம்பெனியில இருந்தே ஆகணுமாம். எங்கிட்ட இருக்கது எழுதப் படிக்கத் தெரிஞ்ச கை. நான் விடல. "அம்மாவ லேபிள் ஷெட்டுக்கு மாத்துங்க, எழுதுறேன்"னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "எந்த ரூம்ல யார உக்கார வைக்கிறதுன்னு பாக்குறதே போர்மேன் தானலே. நீ பாஸ் பண்ணு, நீயே மாத்திக்கோ. எடம் மட்டும் காலியா கெடக்கக் கூடாது."

பாஸ் பண்ணிட்டேன்க்கா. பாலிடெக்னிக்ல நாலு பேப்பர் பாஸ் பண்ணாதவன் இதுல பாஸ். நேத்துல இருந்து அம்மா லேபிள் ஷெட்டு. காத்தாடி இருக்கு, கால நீட்டி உக்காரலாம். கையில பசைதான் ஒட்டுது. கழுவுனாப் போயிருது. "இதெல்லாம் ஒரு வேலையாடா, வெளாட்டுப் பிள்ளைக செய்றது"ன்னு மொனங்குது. மொனங்கட்டும். ராத்திரி நல்லா ஒறங்குச்சு. நான்தான் முழிச்சுக் கெடந்து இருமல் வருதா வருதான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

வேன்ல எனக்கு முன் சீட்டு. "போர்மேன் வாறாரு, தள்ளி உக்காருங்கடி"ன்னு பொம்பளைக கேலி. வெள்ளச் சட்ட ரெண்டு எடுத்தேன்.

இனிமே திட்டுறதுக்கு உங்கிட்ட ஒண்ணும் இல்ல. சொன்னதச் செஞ்சுட்டேன். நீ சொன்னதச் செய்யி.

முனியராஜ் (போர்மேன்)

•

வேடசந்தூர்
19.6.2025

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்த அன்று இரவு ஷிப்டில் கால் வலியே தெரியவில்லை. அம்மா தூங்கியது என்று நீ எழுதிய வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். இனி படிப்பைப் பற்றிப் பேச மாட்டேன்.

ஆனால் போர்மேனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம் தெருக் கடைசியில் பெத்தணன் அண்ணன் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அவரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். அவர் கம்பெனியில் வெடித்து ஷெட் இடிந்த அன்று முதலாளி எந்த ஊரில் இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. பெத்தணன் அண்ணன் மட்டும் ஊரிலேயே இருந்தார். அவரைத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள். இன்றுவரை வாய்தாவுக்கு நடக்கிறார், எந்தக் கம்பெனியும் அவரைக் கேட்டுக்குள் விடுவதில்லை. தீப்பிடித்தால் பிடித்துக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும், அதற்குப் பெயர்தான் போர்மேன் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். உனக்கு அப்போது விளையாட்டு வயது.

சீசன் முடிந்ததும் விட்டுவிடு. அதுவரை சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி நில். ரூமுக்கு நாலு பேர் என்றால் நாலு பேர்.

இன்னொன்று கேட்க வேண்டும். இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னதாக எழுதியிருந்தாய். அம்மா எழுந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோஜா

•

விஸ்வநத்தம்
6.7.2025

அக்கா,

நல்லாருக்கோம். அம்மா கை இப்ப அம்மா கை மாதிரி இருக்கு. நகத்துக்குள்ள மட்டும் கொஞ்சம் மினுங்குது, அதுவும் வளர வளர வெட்டுனாப் போயிரும். நீ நல்லாருக்கன்னு நெனச்சுக்கிறேன்.

பெத்தணன் அண்ணன் கதையெல்லாம் எனக்கும் தெரியும். பயந்தா சைக்கிள் கூட ஓட்ட முடியாது. ரூமுக்கு நாலு பேருன்னு சுவத்துல பெயிண்ட்ல கொட்டையா எழுதிப் போட்டுருக்கு. எத்தன பேரு உக்காருறாகன்னு நீயும் கேக்காத, நானும் சொல்லல. சிவகாசியில எந்தக் கம்பெனியில நாலு பேரு உக்காந்து இந்தியாவுக்கே தீவாளி கொண்டாட முடியும்?

ஆபீசருக வாற ஜீப்பு ரோட்டுல திரும்புச்சுன்னா டீக்கடையில இருந்து மிஸ்டு கால் வரும். நான் விசில் அடிப்பேன். நாலு பேரு போக மிச்சப் பேரு தூக்குச்சட்டியோட பின்னாடி சீமக்கருவேலங் காட்டுக்குள்ள ஓடிருவாக. போன வாரம் ஒரு ஆபீசர் நேரா அந்தக் காட்டுக்குள்ளயே வந்துட்டாரு. "இங்க என்னம்மா பண்றீங்க?"

முருகேஸ்வரி அத்த கொஞ்சங்கூட அசரல. "ஆடு மேய்க்கோம்யா."

"ஆடு எங்க?"

"அதத்தான்யா தேடுதோம்."

அவரே சிரிச்சுட்டாருக்கா. அன்னிக்கிப் பூராம் கம்பெனியில ஒருத்தர ஒருத்தரு பாத்து "ஆடு கெடச்சுதா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம்.

ஆர்டர் குமியுது. காலையில கருக்கல்லயே வேன் வந்துருது. வேற என்னமோ கேட்டிருந்த, கடுதாசி எங்கன வச்சேன்னு தெரியல. அடுத்த தடவ எழுதுறேன்.

முனியராஜ்

•

வேடசந்தூர்
17.8.2025

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் நலம். நீ நலமா என்பதைவிட என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

இன்று போனில் அம்மா பேசியது. "முருகேஸ்வரிக்குத் தீக்காயம்த்தா, வீட்ல ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்றது. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னது. அதற்குமேல் எதைக் கேட்டாலும், "ஸ்டவ்தான், ஸ்டவ்தான்." பிறகு போனை வைத்துவிட்டது. அம்மா ஒருநாளும் முதலில் போனை வைத்ததில்லை.

ஏலே, அத்தை வீட்டில் ஏது ஸ்டவ்? எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து நம் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் கேஸ்தான். ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கியே எத்தனை வருஷம் ஆகிறது?

போன கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆடு தேடிய கதைக்கு அன்று நானும் சிரித்தேன். இன்றுதான் உறைத்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அத்தை உங்கள் கம்பெனிக் காட்டுக்குள் எப்படி வந்தாள்? அம்மா எழுந்த இடத்தில் யார் என்று கேட்டேன், நீ ஆட்டைக் காட்டினாய்.

அத்தைதானா?

ரோஜா

•

விஸ்வநத்தம்
25.8.2025

அக்கா,

அத்ததான்.

தீப்பெட்டி ஆபீசுக்கு மிஷின் வந்துருச்சு. பெட்டி அடைக்கிற பொம்பளைக எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாக. "மருமகனே, நீதான் போர்மேனாமே, எனக்கு ஒரு எடம் போடு"ன்னு அத்ததான் வந்து கேட்டுச்சு. கேட்டது அது. எந்த எடம்னு போட்டது நான். ஒரே ஒரு எடந்தான் காலியா இருந்துச்சு. அம்மாவுக்குப் பிடிக்கல. "அவளுக்குக் கை பழக்கம் இல்லடா"ன்னுச்சு. "பழகிரும்"னேன்.

ஜூலைக் கடைசியில மருந்து பத்திக்கிச்சு. வெடியெல்லாம் இல்ல. பொஃப்னு ஒரு சத்தம், வெளிச்சம், அம்புட்டுதான். சுவரு கூட விழல. மத்தவுக எல்லாரும் ஓடிட்டாக. அத்த சன்னலுக்குக் கீழ இருந்ததால வாசலுக்குச் சுத்தி வரணும். நெஞ்சு, கழுத்து, ரெண்டு கையி.

நான் ஆம்புலன்சுக்குப் போனை எடுத்தேன். மேனேஜர் கையப் பிடிச்சாரு. "கம்பெனியில பத்துச்சுன்னா நாளைக்கே சீல். இருநூறு பேருக்குத் தீவாளி வரைக்கும் சோலி கெடையாது. நீ உள்ள. வீட்ல பத்துச்சுன்னா ஆஸ்பத்திரிச் செலவு பூராம் கம்பெனி. யோசிச்சுக்கோ." யோசிக்க எங்கன நேரம்? அத்த வேன்ல கெடந்து தண்ணி தண்ணிங்குது. நான் தலைய ஆட்டிட்டேன்.

அப்புறந்தாங்க்கா ஸ்டவ்வு. ஆபீஸ் ரூம்ல பீரோவுக்குப் பின்னால சாக்குல கட்டி வச்சிருக்காக. பம்பு அடிக்கிற பழைய மண்ணெண்ண ஸ்டவ்வு. ஒரு பக்கம் பிளந்து, கரி பிடிச்சுப் போயி ஏற்கனவே வெடிச்ச மாதிரித்தான் இருந்துச்சு. எத்தன வீட்ல வெடிச்சதோ. "பத்திரம்லே, திருப்பிக் கொண்டாரணும்"னாரு. பைக்குல முன்னால வச்சு, தெரு பூராம் பாக்க, நானே கொண்டு போயி அத்த வீட்டு அடுப்படியில வச்சேன். சிலிண்டர நம்ம வீட்டுக்கு உருட்டிட்டு வந்தேன். ஒரு பழைய சேலையக் கொளுத்திச் சுவத்துல கரியேத்துனேன். பாண்டிமீனா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அழுகல. "அண்ணே, கரி இம்புட்டு ஒசரத்துக்கு வருமா?"ன்னா.

ஆஸ்பத்திரியில அத்த காதுல போயி சொன்னேன். அத்த, கேட்டா ஸ்டவ்வுன்னு சொல்லு, இல்லன்னா என்னையப் பிடிச்சிருவாகன்னேன். அந்த நெலமையிலயும் அது வாயி சும்மா இல்ல. "ஸ்டவ்வாவது நல்ல கம்பெனி ஸ்டவ்வா மருமகனே?"ன்னுச்சு. நர்சம்மா, "இந்தக் காலத்துல யாரும்மா ஸ்டவ்ல சமைக்கா"ன்னு கேட்டதுக்கு, "சிலிண்டர் தீந்து போச்சு கண்ணு"ன்னு டக்குனு சொல்லிருச்சு. நான் அதக்கூடச் சொல்லிக் குடுக்கல.

இப்ப மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. பொழச்சுக்கும்னுதான் சொல்றாக. நீ சுகமா இருன்னு எழுத எனக்குக் கை வரல.

முனியராஜ்

•

வேடசந்தூர்
1.9.2025

தம்பி,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன், நூல் அறுந்து அறுந்து விழுந்தது. சூப்பர்வைசர் திட்டினார். என்ன திட்டினார் என்று காதில் விழவில்லை.

அத்தை பிழைத்தாலும் அவள் கை இனி வேலைக்கு ஆகாது. கம்பெனியில் பட்ட காயம் என்றால் சர்க்காரும் முதலாளியும் பொறுப்பு. ஸ்டவ்வில் பட்ட காயத்துக்கு யார் பொறுப்பு? அவள் சமையலா? நீ அடுப்படியில் வைத்துவிட்டு வந்தது ஸ்டவ் இல்லையடா, அந்தப் பிள்ளை பாண்டிமீனாவின் வாயில் போட்ட மண்.

போய்ச் சொல். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல். உன்னைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். அக்கா லீவு போட்டுவிட்டு வந்து உன்னைப் பார்க்க எந்த வாசலிலும் நிற்பேன், வெட்கப்பட மாட்டேன். அத்தை கண் திறந்திருக்கும்போதே சொல். அவளையும் உண்மையைச் சொல்லச் சொல்.

அந்த இடத்தில் இனி யாரையும் உட்கார வைக்காதே.

ரோஜா

•

விஸ்வநத்தம்
17.9.2025

அக்கா,

உன் கடுதாசி வந்தப்ப அத்தையக் கொண்டு வந்து காரியமும் முடிஞ்சிருச்சு.

கடைசி நேரத்துல வாக்குமூலம் வாங்க ஜட்ஜம்மா ஒருத்தங்க வந்தாகளாம். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, உங்களுக்கு யாராவது பயம் காட்டுனாகளா, உண்மையச் சொல்லுங்கன்னு பதனமாக் கேட்டாகளாம். அத்த, "ஸ்டவ்வு"ன்னு சொல்லியிருக்கு. அம்புட்டுதான். போலீஸ்காரு ஒருத்தரு வீட்டுக்கு வந்து ஸ்டவ்வையும் சுவத்தையும் போட்டோ பிடிச்சுட்டுப் போனாரு. மறுநாளே மேனேஜர், "அந்தச் சாமானக் கொண்டாந்துரு"ன்னாரு. கொண்டு போயி குடுத்துட்டேன்.

நீ சொன்னியேன்னு போனேன்க்கா. மொதல்ல கருப்பணன் மாமாட்ட. அத்தைக்குப் புருசன், அவருட்டச் சொல்லாம எப்படிப் போக? "மாமா, நான் ஸ்டேசனுக்குப் போயி உண்மையச் சொல்லப் போறேன்"னேன். அவரு கட்டில்ல குந்தி இருந்தாரு.

"அவ சாகப் போறப்ப ஜட்ஜம்மாகிட்ட ஒரு சொல்லு சொன்னா. நீ போயி மாத்திச் சொன்னா என்னாகும்? செத்தவ பொய் சொன்னாம்பாக. என் பொண்டாட்டியப் பொய்க்காரி ஆக்கப் போறியா?"

"பாண்டிமீனாவுக்கு ஏதாச்சும் கெடைக்கும் மாமா."

"கெடைக்கும். எந்த வருசம்? கம்பெனிக்குச் சீல் வைப்பான், அது இந்த வாரமே நடக்கும். இந்தத் தெரு எங்கிட்டுப் போகும்? தீப்பெட்டிக்கா? அங்க மிஷின் இருக்கு. காட்டு வேலைக்கா? காடு பூராம் முள்ளு கெடக்கு. போடா, போயி சோலியப் பாரு."

அதையும் மீறிப் போனேன். ஸ்டேசனுக்கு எதுக்க பஸ் ஸ்டாப்புல நின்னேன். நம்ம வேனு அந்தப் பக்கமா வந்துச்சு. நிப்பாட்டுனான். உள்ள அம்புட்டுப் பேரும் என்னையப் பாக்குறாக. ஒருத்தரும் வா போன்னு சொல்லல. முன் சீட்டுல இருந்தவ நகந்து எடம் விட்டா. ஏறிட்டேன்.

அம்மா கத வேற. அத்த காரியம் முடிஞ்ச அன்னிக்கே மருந்து ரூமுக்குப் போயி பழைய எடத்துல உக்காந்துருச்சு. நான் போயி, "எந்திரிம்மா"ன்னேன். "எவளும் வேணாம். இது என் எடம். இதுல இன்னொருத்தி உக்காரக் கூடாது"ன்னுச்சு. எல்லாருக்கும் முன்னால. போர்மேன் சொன்னா கேக்கணும்னேன். "எந்தப் போர்மேன்?"ன்னுச்சு. வீட்டுலயும் பேச்சு இல்ல. தட்டுல சோத்தப் போட்டு வச்சுட்டு அத்த வீட்டுக்குப் போயிருது. அங்கனயும் மாமா வாசல்லயே நிப்பாட்டுறாராம். தின்னுச்சா தூங்குச்சான்னு தெரியாம நான் முழிச்சுக் கெடக்கேன். இருமல் திரும்ப வந்துருச்சு.

முனியராஜ்

•

வேடசந்தூர்
24.9.2025

தம்பி,

முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவன் ஏன் ரோட்டைக் கடக்கவில்லை, மறுபடி போ, இந்த முறை யாரிடமும் கேட்காதே என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்துவிட்டேன். நீ உள்ளே போய்விட்டால் அம்மா அந்த ரூமில் யார் பார்வையில் இருக்கும்? இப்படி ஒரு கணக்குப் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தச் சன்னல் வருகிறது. சின்னப் பிள்ளையில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது கேட்டுக்கு வெளியே நின்று அந்தச் சன்னலைத்தான் பார்ப்போம். சேலைத் தலைப்புத் தெரிந்தால் போதும், திரும்பி ஓடி வந்துவிடுவோம்.

எனக்கு இப்போது நியாயம் வேண்டாம். அம்மா வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்தால் மில் வேலைக்குக் கேட்டுப் பார்ப்பேன், ஆனால் அம்மா வராது, உனக்கும் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று. அம்மாவை அங்கிருந்து எழுப்பு. கெஞ்சு, மிரட்டு, என்ன வேண்டுமானாலும் செய். எப்படியாவது எழுப்பு.

தீபாவளிக்கு நான் வரவில்லை. அத்தை வீட்டைத் தாண்டி நம் வீட்டுக்குள் நுழைய எனக்குக் கால் வராது.

ரோஜா

•

விஸ்வநத்தம்
6.10.2025

எழுப்பிட்டேன்க்கா. எப்படின்னு நீ கேப்ப. கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிருறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு நாளு படுத்துருச்சு. எடம் காலி. தீவாளி லோடு நிக்கிது. மேனேஜர் என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அன்னிக்கிச் சாயங்காலம் கருப்பணன் மாமா பாண்டிமீனாவக் கூட்டிட்டு நம்ம வீட்டு வாசலுக்கு வந்தாரு. உள்ள வரல. "ஆத்தா எடத்த மகளுக்குக் குடு. வேற யாருக்கும் குடுத்துறாத"ன்னாரு. கெஞ்சுற மாதிரி.

"நர்சிங்குக்குப் போகணும்னியே"ன்னேன் அவகிட்ட.

"போகலாம்ணே. இந்த சீசன் முடியட்டும்"னா.

என்னத்தச் சொல்லுவ? நீ "எப்படியாவது"ன்னு எழுதியிருந்த. உன் மேல பழி போடல. நீ எழுதாட்டியும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். சரின்னு சொன்னப்ப என் நெஞ்சுல மொதல்ல வந்தது என்ன தெரியுமா? அப்பாடான்னுதான் வந்துச்சு. அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

அம்மா காய்ச்சல் விட்டு வந்து பாத்துச்சு. வாசல்லயே நின்னுச்சு. சன்னலுக்குக் கீழ அந்தப் பிள்ள உக்காந்து குனிஞ்ச தல நிமிராம செலுத்திக்கிட்டு இருக்கா. அம்மா சண்ட போடும், மயிரப் பிடிச்சு இழுத்து வெளிய போட்டுரும்னு நெனச்சேன். போடல. திரும்பி லேபிள் ஷெட்டுக்கு நடந்துருச்சு. அன்னிக்கி ராத்திரி எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுச்சு. "அவளுக்குக் கை பழகிருச்சா?"

பழகிருச்சு. எங்க ரூம்லயே அவதான் வேகம்.

அம்மா நல்லாருக்கு. இருமல் கொறஞ்சிருக்கு. நீ துணி கட்டிக்கோ, வேளைக்குச் சாப்பிடு. தீவாளிக்கு வராட்டியும்

வேன் வந்துருச்சு. ஆரன் அடிக்கான். பாண்டிமீனா எதுக்க நிக்கா, முடியக் கட்டாம விரிச்சுப் போட்டுருக்கா, மருந்து ரூமுக்குள்ள அது ஆகாது, சொல்லிக் கட்ட வைக்கணும். நான் போகணும்.